அரை ஊசி

செந்தாமரையின் தூக்கத்தின் விலை பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். மதுரை நாய் வியாபாரி இருபத்திரண்டில் ஆரம்பித்தார், அவள் கணவர் முத்தரசு பன்னிரண்டில் ஆரம்பித்தார். இருவரும் வழியில் சந்தித்துக்கொண்டபோது, குட்டி படுக்கிற கூடையையும் அதே விலையில் சேர்த்துக் கேட்டார் முத்தரசு. "கூடை இல்லாம எப்படிக் கொண்டு போறது, இலையில மடிச்சா?" என்றதும் மதுரைக்காரர் கூடையைத் தந்துவிட்டார். முத்தரசுக்குக் காரைக்குடியில் வத்தல், புளி மொத்தக் கடை. இலவசமாகக் கேட்பதற்கும் ஒரு நியாயம் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கடைத்தெருவில் பால்குடி மறக்கும் முன்பே படிந்துவிடுகிற பாடம்.

மகள் தீபலட்சுமி கல்யாணமாகிக் கனடா போனதிலிருந்து செந்தாமரைக்கு இரவு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இங்கே விளக்கை அணைக்கும் நேரம் அங்கே மகள் வேலைக்குக் கிளம்பும் நேரம். மாத்திரை சாப்பிட்டாள், குன்றக்குடிக்கு நடந்து போய் வந்தாள், படுக்கையைத் திசை மாற்றிப் போட்டாள். எதற்கும் வராத தூக்கம், சீனி வந்து கால்மாட்டில் சுருண்டுகொண்ட பிறகு வந்தது. வெள்ளைப் பொமரேனியன். ஒன்றே முக்கால் கிலோ; கடைத் தராசில் முத்தரசே நிறுத்துப் பார்த்தது. அவள் தூங்கியதால் அவரும் தூங்கினார். ஒரு விலைக்கு இரண்டு பேர் தூக்கம் என்று கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் செய்த கொள்முதல்களில் அதுதான் சிறந்தது என்று அவருக்கே தெரியும். இதுபோன்ற சரக்கு கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது என்பதும் தெரியும்.

மதுரையில் முதல் தடுப்பூசி போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது ஊசிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை டாக்டர் பெல்சியிடம் கொண்டு போனார்கள். பெல்சி முப்பதைத் தாண்டிய பெண். அன்று காலையிலேயே இரண்டு ஆடும் ஒரு பசுவும் பார்த்துவிட்டு வந்திருந்தார்; கண்களில் அது தெரிந்தது. பல நோய்க்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி. சீனி ஒரு முறை 'கீ' என்றது, அவ்வளவுதான்.

"அரைமணி நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டுப் போங்கய்யா," என்றார் பெல்சி. "சின்ன ஜாதிக் குட்டிகள்ல சிலதுக்கு ஊசி ஒத்துக்காது. மூஞ்சி வீங்கும், வாந்தி எடுக்கும். இங்க இருந்தா நான் பாத்துக்குவேன்."

"வெள்ளிக்கெழமை டாக்டரம்மா. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கெளம்பலைன்னா பன்னெண்டு வரைக்கும் இங்கயேதான் கெடக்கணும். கடையில லோடு நிக்கிது."

"அப்ப பன்னெண்டு வரைக்கும் இருங்க. பெஞ்சுக்கு வாடகை கேக்க மாட்டேன்."

முத்தரசு சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே படியிறங்கி, ராகு காலத்துக்கு முன்னால் காரைக் கிளப்பியும் விட்டார். அவர்கள் வீடு அமராவதிபுதூரில். தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டும்போது பின் இருக்கையிலிருந்து செந்தாமரை, "ஏங்க, இவ மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தார். சீனியின் முகம் சீனியின் முகமாக இல்லை. கண் இரண்டும் கீறலாகிவிட்டிருந்தன. உதடு தடித்து, மூக்குக்கு இரண்டு பக்கமும் உப்பி, வேறு ஏதோ ஜாதி நாயின் தலையைக் கொண்டு வந்து ஒட்டியது போல் இருந்தது. அடுத்து வாந்தி. செந்தாமரையின் மடியெல்லாம் நனைந்தது. பிறகு அதன் கழுத்து தொய்ந்தது.

"திருப்புங்க," என்றாள். கத்தவில்லை. அவள் கத்தாததுதான் முத்தரசுக்குப் பயமாக இருந்தது.

நட்ட நடு ராகு காலத்தில் கார் மருத்துவமனை வாசலில் நின்றது. பெல்சி குட்டியின் உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தார். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. ஒரு ஊசி, உடனே இன்னொரு ஊசி, காலில் மயிரை வழித்துச் சொட்டு மருந்து, மூக்கில் பிராணவாயு. வெகுநேரம் கழித்துச் சீனி தலையைத் தூக்கி, ஒட்டிய கண்ணில் ஒன்றை மட்டும் திறந்து, செந்தாமரை எங்கே என்று தேடியது.

பெல்சி கைகழுவிக்கொண்டே கேட்டார்: "ராகு எந்தப் பக்கமாப் போனாருய்யா? உங்களுக்கு வழியில தட்டுப்பட்டாரா?"

"தட்டுப்பட்டாரு டாக்டரம்மா," என்றார் முத்தரசு. வேறென்ன சொல்வது.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது பெல்சி விவரமாகச் சொன்னார். அடுத்த ஊசியை நிறுத்த முடியாது. ஊருக்குள் பார்வோ என்கிற தொற்றுநோய் சுற்றுகிறது. வந்தால் குட்டிகள் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக ஓரிரு நாளில் முடிந்துவிடும். "மூணு வாரங் கழிச்சு வாங்க. அலர்ஜி மருந்து முன்கூட்டியே குடுத்துட்டு, கூட்டு ஊசியில அவசியமானதை மட்டும் போடுறேன். மத்ததைத் தனியா இன்னொரு நாள். காலையில வந்தா மத்தியானம் வரைக்கும் இங்கயே இருக்கணும்."

அப்போது வெளியே ஒருவர் பெரிய அல்சேஷன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்தரசின் கண் அதன் மேல் போயிற்று.

"அந்த ஓநாய்க்கு எம்புட்டு ஊசி?"

"ஒரு குப்பி."

"இவளுக்கு?"

"ஒரு குப்பி."

"அது முப்பத்தஞ்சு கிலோவுக்குக் கொறையாது. இவ ஒன்னே முக்கால். ரெண்டுக்கும் ஒரே அளவா? அதான் புள்ளைக்குத் தாங்கலை. இந்தவாட்டி பாதி போடுங்க."

பெல்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது எடைக்குப் போடுற சரக்கில்லைய்யா. காய்ச்சல் மருந்துன்னா எடை பாக்கணும். தடுப்பூசிங்கிறது காவக்காரன்கிட்டத் திருடனோட போட்டோவைக் காட்டுற மாதிரி. காவக்காரன் குள்ளமா இருந்தா பாதி போட்டோவையா காட்டுவீக?"

"மீசை தெரிஞ்சாப் போதாதா?"

"போதாதுய்யா. பாதி போட்டா வீங்காதுன்னும் சொல்ல முடியாது, நோய் வராதுன்னும் சொல்ல முடியாது. ரெண்டுல ஒண்ணுகூட உங்க கையில நிக்காது." அதற்கு மேல் பேச அவருக்குத் தெம்பில்லை. அல்சேஷன் உள்ளே வந்துவிட்டது.

முத்தரசு வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டதால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை. முப்பது வருடமாகத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போய் எடைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்றால், அவர் உங்களைப் பாவம் பார்ப்பார், நம்ப மாட்டார். தவிர, அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவரால் ஆகாது. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் செந்தாமரை சீனியின் வயிற்றில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விழித்துக் கிடந்தாள்.

வீரணன் என்பவர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வீடு தேடிப் போய் ஊசி போடுகிறவர். படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை; ஒரு காலத்தில் மருந்துக் கடையில் இருந்தார். அவரிடம் முத்தரசு பாதி ஊசியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்.

"போட்டுரலாம் மொதலாளி," என்றார் வீரணன். "ஆனா ஒண்ணு. குப்பியைக் கரைச்சா உடனே போட்டுரணும். மிச்சத்தை மூடி வச்சு இன்னொரு நாளைக்குன்னா ஆகாது. மிச்சப் பாதி வீண்."

வீண் என்ற சொல் முத்தரசுக்கு ஆகாது. பாதிக்கு ஒரு ஆள் பிடிக்க வேண்டும். ஆள் தினமும் சாயங்காலம் அவர் கடையிலேயே வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்: செபஸ்தியான் சார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் ஒரு குட்டி, பிஸ்கட் என்று பெயர். மினியேச்சர் பின்ஷர், பழுப்பு நிறம், காது மட்டும் உடம்பை விடப் பெரிது. சீனிக்கு நடந்ததைக் கேட்டதிலிருந்து சாரும் அவர் மனைவி லூசியாவும் பிஸ்கட்டின் ஊசியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"எடைக்கு எடை சார்," என்றார் முத்தரசு. "முப்பத்தஞ்சு கிலோவுக்கு ஒரு குப்பின்னா ரெண்டு கிலோவுக்கு எம்புட்டு? நீங்களே சொல்லுங்க."

செபஸ்தியான் மனதுக்குள் வகுத்தார். "அரையே ரொம்ப அதிகம்டா."

"பாத்தீகளா. நான் தாராளமாத்தான் குடுக்குறேன்."

"டாக்டரம்மா என்ன சொல்லுச்சு?"

"அவுகளுக்குக் குப்பி வித்தாகணும், சொல்லத்தான் செய்வாக."

இதைச் சொல்லும்போது முத்தரசுக்கே கொஞ்சம் கூசியது. பெல்சி அப்படிப்பட்டவர் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சரக்கு நகர வேண்டும் என்றால் எதிர்க்கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா சொன்ன மூன்று வாரம் முடிந்ததும், கடையின் பின்கட்டில், புளி மூட்டைகளுக்கு நடுவே காரியம் நடந்தது. வீரணன் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் குப்பியைக் கொண்டு வந்திருந்தார். ஆளுக்குப் பாதி. செபஸ்தியானிடம் பாதி விலையை முத்தரசு எண்ணி வாங்கிக்கொண்டார். சிநேகிதன் என்று சும்மா கொடுத்தால் சரக்கின் மேல் சந்தேகம் வந்துவிடும். இந்தமுறை இருவரும் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். சீனி வீங்கவில்லை. பிஸ்கட் புளியை நக்கிவிட்டுத் தும்மியது.

"கணக்கு சரியாத்தான் வருது," என்றார் செபஸ்தியான்.

"நம்மகிட்டயா," என்றார் முத்தரசு.

வீட்டில், டாக்டரம்மாவிடமே போட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்றார். செந்தாமரை சீனியின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று முதல் மறுபடி தூங்க ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்துச் செபஸ்தியானின் போன் வந்தபோது முத்தரசு லாரிக்காரரோடு வாடகை பேசிக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் நேத்திலிருந்து தண்ணிகூடக் குடிக்கலை. காலையில ரத்தமாப் போச்சு. வண்டி எடுத்துட்டு வாரியா முத்தரசு?"

லாரிக்காரர் கேட்ட வாடகைக்கே சரி என்றுவிட்டுக் கிளம்பினார். லாரிக்காரர் திகைத்துப்போய் நின்றார்.

காரில் பிஸ்கட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார் செபஸ்தியான். அந்த நாற்றம் கண்ணாடியை இறக்கியும் போகவில்லை. பெல்சி பார்த்தவுடனேயே முகம் மாறினார். சோதித்துப் பார்த்துவிட்டு, பார்வோதான் என்றார். ஊசி செருக ரத்தக்குழாய் தேடிக்கொண்டே கேட்டார்:

"ரெண்டாவது ஊசி போட்டீகளா சார்?"

"போட்டோம்மா."

"எங்க போட்டீக? இங்க வரலையே."

செபஸ்தியான் முத்தரசைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. விடை தெரியாத பையன் பக்கத்துப் பையனைப் பார்ப்பது போன்ற பார்வை. வாத்தியாரிடம் அப்படி ஒரு பார்வையை முத்தரசு அதுவரை பார்த்ததில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளிக்க முடியும். வெளியூரில் போட்டோம் என்றால் போதும், யாரும் துருவப் போவதில்லை. சமாளித்தால் செந்தாமரைக்குத் தெரியாது. ஆனால் சீனி வீட்டில் அதே பாதி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பொய்யை விற்றால் வாங்குகிறவர் பெல்சி; அதற்கு விலை கொடுக்கப்போவது சீனி.

"பாதி போட்டோம் டாக்டரம்மா," என்றார். "நான்தான் ஏற்பாடு பண்ணேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது."

பெல்சியின் கை நிற்கவில்லை. குழாயைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டி, சொட்டைச் சரிபார்த்த பிறகுதான் திரும்பினார்.

"மிச்சப் பாதி?"

"சீனிக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், பேச்சு வளர்ந்து எங்காவது ஒரு இடத்தில் வந்து நின்றிருக்கும். பெல்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இந்த மாசத்துல இது எத்தனையாவது குட்டின்னு எண்றதையே விட்டுட்டேன்யா. வீட்டுக்குப் போனதும் செருப்பை வெளியவே விடுங்க. குளிச்சுட்டுத்தான் சீனியைத் தொடணும். வாசலுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்துங்க. சீனிக்கு ஏற்கெனவே தொத்தியிருந்தா இப்பப் போடுற ஊசி நிறுத்தாது. ஒரு வாரம் பாப்போம். நல்லா இருந்தா முழு ஊசி."

"மறுபடி வீங்குனா?"

"வீங்கலாம். நான் இருப்பேன். நீங்களும் இருக்கணும்."

அமராவதிபுதூர் வீட்டின் வெளிக்கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கொல்லைப்புறக் குழாயடியில் நின்று குரல் கொடுத்தார். செந்தாமரை பின்வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே சீனி ஓடி வந்தது.

"அவளைத் தூக்கிக்க தாமரை. எங்கிட்ட விடாத."

நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். பாதி விலை வாங்கியதைக்கூட விடாமல் சொன்னார். ஒளித்துப் பயனில்லை என்று ஆன பிறகு சில்லறையை மட்டும் எதற்குப் பிடித்து வைப்பது.

"டாக்டரம்மாகிட்டப் போட்டேன்னு சொன்னீக."

"சொன்னேன்."

"நான் அதை நம்பித்தான தூங்குனேன்?"

அவர் குனிந்து குழாயைத் திறந்தார்.

"வீங்கிப்போனதுல எனக்கும் பயந்தான். எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் வேணாம்னுகூடச் சொல்லியிருப்பேன். ரெண்டு பேருமாச் சேந்து தப்புப் பண்ணியிருப்போம். இப்படி என்னையத் தூங்க வச்சுட்டு நீங்களா ஒரு கணக்குப் போட்டீகளே." சீனியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சோப்பு அங்குட்டு இருக்கு. தலைக்கும் ஊத்திக்கிருங்க."

பிஸ்கட் மூன்றாம் நாள் விடிகாலையில் செத்துப்போயிற்று. செபஸ்தியான் வீட்டுக் கொய்யா மரத்தடியில் குழி வெட்டும்போது முத்தரசு மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லூசியா வெளியே வரவில்லை, ஜன்னலில் நின்றிருந்தார். மண்ணை மூடியபின் முத்தரசு சட்டைப் பையில் கை விட்டார். அந்தப் பாதி விலையைத் தனியாக மடித்துக் கொண்டு வந்திருந்தார். செபஸ்தியான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் வெறும் கையைத்தான் வெளியே எடுத்தார்.

"கணக்கு சரியாத்தான் இருந்துச்சுடா," என்றார் செபஸ்தியான். "கணக்கே தேவைப்படாத எடத்துல போட்டுட்டோம். நானும் சேந்துதான்."

"நாந்தான் சார் வித்தேன்."

"நான் வாங்குனேன்ல."

அந்த வாரத்தை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று சொல்ல ஒன்றுமில்லை. சீனி தின்றால் நிம்மதி, ஒரு வேளை தட்டை முகர்ந்துவிட்டு விலகினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டையே பார்த்தார்கள். செந்தாமரை தூங்கவில்லை. முத்தரசு கடையில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தார். கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டவர்களுக்கு முதல் விலையையே கடைசி விலையாகச் சொன்னார். பேரம் பேசத் தெம்பில்லாத வியாபாரியிடம் வாங்க ஜனங்களுக்கும் பயமாக இருக்கிறது. இரண்டு பேர் வாங்காமலே போனார்கள்.

சீனிக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் ஒன்றுக்கு வந்து இன்னொன்றுக்கு வரவில்லை என்று பெல்சியிடம் கேட்டதற்கு, "தெரியாதுய்யா," என்றார். "பாதி ஊசி இதுல கொஞ்சம் வேலை செஞ்சிருக்கலாம். இல்ல, அந்தக் கிருமி உங்க தெருப்பக்கம் வராம இருந்திருக்கலாம். தெரியாது."

அலர்ஜி மருந்து முதலில். கொஞ்ச நேரம் கழித்து ஊசி, இந்தமுறை முழுசாக. பிறகு மூவரும் பெஞ்சில். முத்தரசு கடைச் சாவியை ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சீனியின் இடது கண் கொஞ்சம் தடித்தது. செந்தாமரை அவர் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். பெல்சி வந்து பார்த்து, ஈறைப் பார்த்து, இன்னொரு சின்ன ஊசி போட்டார். தடிப்பு அதற்கு மேல் ஏறவில்லை. மெல்ல மெல்ல வடிந்தது. மத்தியானம் முத்தரசு திரும்பிப் பார்த்தபோது செந்தாமரை சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் சீனியும். உள்ளே ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது. அவர் அவளை எழுப்பவில்லை.

"வெறிநாய்க்கடி ஊசி இன்னும் பாக்கி இருக்கு," என்றார் பெல்சி தாழ்ந்த குரலில். "மூணு வாரம் போகட்டும்."

"முழுசாவே போடுங்க," என்றார் முத்தரசு. பெல்சி சிரிக்க முயன்றார்.

திரும்பும்போது செந்தாமரை, சார் வீட்டுப் பக்கமாக வண்டியை விடச் சொன்னாள். முத்தரசு தெருமுனையிலேயே நிறுத்தினார். சீனியைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்குமோ. ஆனால் செபஸ்தியான் பார்த்துவிட்டார். நடந்து வந்து ஜன்னல் வழியாகக் குட்டியைப் பார்த்தார், தொடவில்லை.

"வீங்குச்சா?"

"கொஞ்சம். வடிஞ்சிருச்சு சார்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு நாய் உணவுப் பை, பிரிக்காதது. முன் இருக்கையில் வைத்தார்.

"பிஸ்கட்டுக்குன்னு வாங்குனது. வெளியிலதான் இருந்துச்சு, அது வாய் படலை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொடச்சுத்தான் குடுக்குறேன். லூசியாவுக்கு இது கண்ணுல படப் படச் சங்கடமா இருக்கு, கொண்டு போ."

முத்தரசின் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. "எம்புட்டு சார் இது..."

"வெலை சொன்னா நீ கொறைச்சுக் கேப்ப," என்றார் செபஸ்தியான். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. காரின் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, போ என்று அனுப்பினார்.

அமராவதிபுதூர் வரை அந்தப் பை ஒவ்வொரு திருப்பத்திலும் இருக்கையில் நகர்ந்து கதவில் முட்டியது. முத்தரசின் மனம் தன் வழக்கப்படி, அவர் கேட்காமலே, பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டது.

செபஸ்தியான் சார் வகையில் வரவு: அரைக் குப்பிக்குப் பாதி விலை, முழுசாக. நாய் உணவு ஒரு பை, ஒன்றரைக் கிலோ, விலை சொல்லப்படவில்லை. நாம் கொடுத்தது: பாதி ஊசி. பாக்கி: பிஸ்கட்.